மூடிய கம்பெனியை லிங்க்ட்இன்னில் மறைக்க வேண்டுமா?

வணக்கமுங்க. திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு ஆர்டர் பிடித்துத் தரும் செயலியை மூன்று வருடம் நடத்தி மூடிவிட்டதாகவும், கோவை சரவணம்பட்டி பக்கம் வேலை தேடும்போது, வேலை அனுபவத்தைப் பதிந்து தொடர்பு தேடும் தளமான லிங்க்ட்இன்னில் அதைக் காட்டுவதா என்றும் கேட்டிருந்தீர்கள். காட்டுங்க.

அந்தத் தளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரீட் ஹாஃப்மனே 1997-இல் சோஷியல்நெட் என்று ஒரு சமூக வலைதளத்தை ஆரம்பித்து, அது எடுபடாமல் போனவர்தான். பத்திரிகைகளோடு கூட்டுச் சேர்ந்தால் ஆள் வந்து குவியும் என்று நம்பினார், வரவில்லை. இதை அவரே வெளிப்படையாகப் பேசுகிறார். அப்புறம் ஆன்லைனில் பணம் அனுப்ப உதவும் பேபால் கம்பெனியில் வேலை, 2003 மே மாதம் லிங்க்ட்இன் அறிமுகம். 2016-இல் மைக்ரோசாஃப்ட் அதை 26.2 பில்லியன் டாலருக்கு வாங்கியது.

ஆனால் 'நிறுவனர், சிஇஓ' என்று பெரிதாகப் போடாதீர்கள். மூன்று பேர் கம்பெனிக்கு அது கொஞ்சம் அதிகம். எத்தனை யூனிட் சேர்ந்தன, ஏன் நின்றது என்று எழுதுங்கள். ஓனர்கள் ஆர்டரைப் போனிலேயே பேசி முடித்துக்கொண்டார்கள் என்றீர்களே, அந்த ஒரு வரி போதும். நானும் ஈரோட்டில் ஒன்றரை வருடம் கடை நடத்தியதை மறைத்தேன். இண்டர்வியூவில் முதல் கேள்வியே அந்த இடைவெளி பற்றித்தான், திருதிருவென்று முழித்தேன்.