ஆறாவது விரல்: நூல் கட்டலாமா, அப்படியே விடலாமா?

கேள்வி: எனக்கு 23 நாள் ஆண் குழந்தை. இடது கையில் சுண்டு விரலுக்கு வெளிப்பக்கம் நகத்தோடு ஒரு குட்டி விரல் தொங்குகிறது. அத்தை, "ஆறு விரல் அதிர்ஷ்டம், யாரும் கை வைக்கக் கூடாது" என்கிறார். குளிப்பாட்ட வரும் பாட்டி, கறுப்பு நூலால் இறுக்கிக் கட்டினால் பத்து நாளில் விழுந்துவிடும் என்கிறார். நாத்தனாரோ, நான் ஏழாம் மாதத்தில் கிரகணத்தன்று வெளியே வந்ததுதான் காரணம் என்கிறார். கணவர் எனக்கு மாமன் மகன். என்ன செய்வது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: அன்புச் சகோதரி, முதலில் நூல் விஷயம். தயவுசெய்து கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால், இதைப் படித்து முடிக்கும் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கிரகணப் பேச்சை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். கருவில் கை முளைவிடுவது நாலாவது வாரத்தில். விரல்களின் கோடு தெரிவது ஆறாவது வாரத்தில். எட்டு வாரம் முடியும்போது விரல்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடும். உங்கள் குழந்தைக்கு அந்த விரல் வந்தபோது, நீங்கள் உண்டாகியிருப்பதே பலருக்குத் தெரிந்திருக்காது. ஏழாம் மாதத்துக் கிரகணம் அதில் என்ன செய்ய முடியும்? நீங்கள் சாப்பிட்டதும் நடந்ததும் கத்தி எடுத்ததும் இதற்குக் காரணமல்ல.

அத்தை சொல்லும் அதிர்ஷ்டத்துக்கு வருவோம். சாஸ்திரம் என்று பார்த்தால் அது அவர் பக்கம் இல்லை. மனு ஸ்மிருதியின் 3-ஆம் அத்தியாயம் மணக்கக் கூடாத பெண்களின் பட்டியலில் மிகை உறுப்பு உள்ளவளைச் சேர்க்கிறது. 11-ஆம் அத்தியாயமோ, தானியத்தில் கலப்படம் செய்தவன் மறுபிறவியில் மிகை உறுப்போடு பிறப்பான் என்கிறது. ஊர் வழக்கு அதையே அதிர்ஷ்டமாக்கி வைத்திருக்கிறது. ஒரே விரலை ஒருவர் பாவம் என்கிறார், இன்னொருவர் யோகம் என்கிறார். இரண்டையும் குழந்தையின் தலையில் ஏற்ற வேண்டாம். அதே மரபில் வந்த பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை எனக்கு நெருக்கமாகப் படுகிறது. விதையின் எந்தப் பகுதி கெடுகிறதோ அதற்குரிய உறுப்பில்தான் கோளாறு வரும் என்று உடலைப் பற்றிய அதன் சாரீர ஸ்தானப் பகுதி சொல்கிறது. இன்றைய மரபணு விளக்கத்துக்கு இது வெகு தூரமில்லை.

வெளியே தெரிந்த முகங்களைப் பாருங்கள். நடிகர் ஹிருத்திக் ரோஷனுக்கு வலது கையில் இரட்டைக் கட்டைவிரல். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஹெப்டாத்லான் (ஏழு தடகளப் போட்டிகள் சேர்ந்தது) தங்கம் வென்ற ஸ்வப்னா பர்மனுக்கு ஒவ்வொரு காலிலும் ஆறு விரல். தங்கத்தை வாங்கித் தந்தது அவரது பயிற்சி. விரல்கள் கொடுத்தது ஷூவுக்குள் அகலம் போதாமல் வந்த வலி.

இனி உங்கள் குழந்தையின் கை. ஆயிரம் குழந்தைகளில் ஓரிருவருக்கு இப்படி வருகிறது. எல்லா ஆறாவது விரலும் ஒன்றல்ல. முடிவு செய்ய வேண்டியது அதன் அடிப்பகுதியை வைத்துத்தான். வெளிச்சத்தில் குழந்தையின் கையைப் பிடித்து, அந்த விரல் ஒட்டியிருக்கும் இடத்தை உங்கள் இரு விரல் நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள். முருங்கைக்கீரைக் காம்பு போல மெல்லிய தோல் மட்டும் தட்டுப்பட்டால், உள்ளே ஒரு சிறு ரத்தக் குழாயும் ஒரு நரம்பும்தான் ஓடும். அடி அகலமாக, கடினமாக இருந்தால், அல்லது அந்த விரல் தானாக மடங்கினால், எலும்போ மூட்டோ தசைநாரோ இருக்கிறது. அப்போது எக்ஸ்ரே தேவை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதல் வகை போலத்தான் இருக்கிறது. ஆனாலும் கையில் தொட்டுப் பார்த்த மருத்துவர்தான் உறுதி சொல்ல வேண்டும்.

நூல் கட்டினால் நடப்பது இது: ரத்தம் நின்று விரல் வீங்கும், கறுக்கும், அழுகி விழும். அந்த நாட்களில் குழந்தைக்கு வலி. சுத்தமில்லாத நூல் வழியே சீழ் பிடிக்கலாம். 23 நாள் குழந்தையின் உடம்பில் கிருமி பரவினால் அது சின்ன விஷயமில்லை. எலும்பு இருந்தால் விரல் பாதி அழுகியபடியே நிற்கும். நல்லபடியாக விழுந்தாலும் தோலோடு ஒட்டி நூல் நிற்காததால் மிளகு அளவு ஒரு முண்டு மிஞ்சும். அதற்குள் நரம்பின் நுனி சுருண்டு கட்டியாகிவிட்டால், ஐந்தாறு வயதில் மேசை விளிம்பில் கை பட்டாலே சுருக்கென்று வலிக்கும். பிறகு அதற்கும் ஓர் அறுவை. மெல்லிய காம்புக்கு மருத்துவர்களும் சில இடங்களில் சுத்தமான நூலோ கிளிப்போ போடுவதுண்டு. அதிலும் முண்டு மிஞ்சும் சிக்கல் இருப்பதால், சின்னதாக அறுத்து எடுப்பதையே நான் விரும்புவேன்.

அதில் இலை வடிவில் தோலை வெட்டி, நரம்பை மெல்ல இழுத்து உயரத்தில் அறுத்து உள்ளே போகவிடுவார்கள். நுனி தோலடியில் நிற்காததால் பின்னால் வலிக் கட்டி வருவது குறையும். தானே கரையும் இரண்டு மூன்று தையல்கள் போதும். மெல்லிய காம்பு என்றால் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசியோடு முடித்துவிடலாம். அதைத் தாண்டினால் குழந்தை துள்ளும், அடங்காது. அப்போது ஒரு வயதையொட்டி முழு மயக்கத்தில் செய்வார்கள். எலும்புள்ள விரலுக்கும் அந்த வயதுதான். கட்டைவிரல் இரட்டையாக இருந்தால் ஒன்றை வெட்டி எடுத்துவிட்டால் போதாது. மீதமுள்ளதன் மூட்டையும் தசைநாரையும் சரிசெய்ய வேண்டும். அதற்குக் கை அறுவையில் பழகிய கை வேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் அறுவைப் பிரிவிலோ பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவிலோ காட்டுங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் அட்டையை எடுத்துச் செல்லுங்கள். ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசியைப் பிறந்தவுடன் போட்டார்களா என்பது அதில் இருக்கும். வெட்டுவதற்கு முன் அதைக் கேட்பார்கள்.

விரலை விட நான் கவனிக்கச் சொல்வது வேறு. நீங்கள் மாமன் மகனை மணந்திருக்கிறீர்கள். இரு பக்கத்திலும் தாத்தா, சித்தப்பா, பெரியம்மா என்று யாருக்காவது ஆறு விரல் இருந்ததா, சின்ன வயதில் வெட்டினார்களா என்று கேளுங்கள். இருந்தால் நிம்மதி. குடும்பத்தில் ஓடும் சாதாரண வகையாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஒருவருமே இல்லையென்றாலும் பெரும்பாலான குழந்தைகளுக்கு வேறு குறை எதுவும் இருப்பதில்லை. ஆனால் உறவுத் திருமணத்தில் பெற்றோர் இருவரும் ஒரே மறைந்த மரபணுக் குறையைச் சுமக்க வாய்ப்பு அதிகம். அப்படி வரும் சில நோய்களுக்கு ஆறாவது விரல்தான் முதல் அடையாளம். எல்லிஸ் வான் கிரெவெல்ட் நோயில் கை கால் குட்டையாக இருக்கும், பிறக்கும்போதே பல் இருக்கலாம், இதயத்தில் ஓட்டை இருக்கலாம். பார்டெட் பீடல் நோயில் முதல் ஓரிரு வயதிலேயே எடை ஏறத் தொடங்கும், ஏழெட்டு வயதில் இருட்டில் கண் தெரியாது, சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

பயப்படுத்த எழுதவில்லை. குழந்தை மருத்துவரிடம், "மற்ற கை, இரண்டு கால், வாய், இதயம் எல்லாம் பாருங்கள், நாங்கள் உறவில் கட்டியவர்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். அவர் தேவை என்றால் எக்கோவும் (இதய ஸ்கேன்) சிறுநீரக ஸ்கேனும் எழுதித் தருவார். தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் எடையை அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். வேறு அடையாளம் ஏதாவது கிடைத்தால் மட்டும் மரபணு ஆலோசனை. அப்படி ஒரு நோய் உறுதியானால் அடுத்த குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதால், அடுத்து உண்டாவதற்கு முன்பே பேச வேண்டும்.

அத்தையோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். குலசாமிக்கு மொட்டை போட்டுக் காது குத்துகிறோமே, சாமி கோபித்தாரா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அவர் மனம் ஒப்பாமல், விரல் ஆரோக்கியமாகவும் இருந்தால், அப்படியே விடுவதும் தவறில்லை. எலும்பில்லாத விரல் வளையலிலும் சட்டைக் கையிலும் மாட்டி இழுபடும் என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும். ஐந்து வயதில் ஆதாருக்குக் கைரேகை எடுக்கும்போது முதன்மையான ஐந்து விரல்களைத்தான் எடுப்பார்கள்.

விரல் இருக்கும் வரை, கையுறை போட்டால் உள்ளே பிரிந்து கிடக்கும் நூலை வெட்டிவிட்டுப் போடுங்கள். எண்ணெய் தேய்ப்பவரிடம் அந்த விரலை இழுக்க வேண்டாமென்று சொல்லுங்கள். ஒருநாள் அது திருகிக்கொண்டு நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால், விடியட்டும் என்று இருக்காமல் அன்று இரவே அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.