‘டேக் ஆஃப்’ என்பதற்கு எத்தனை பொருள்? அத்தனையையும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

கேள்வி கேட்டவர், அகராதியில் ‘டேக் ஆஃப்’ என்று தேடினால் பத்துக்கும் மேல் பொருள் வருகிறது, அதே பொருள் தரும் இணைச்சொற்கள் என்று ரிமூவ், டிபார்ட், டிடக்ட், மிமிக் என ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் வருகின்றன, எதை எங்கே போடுவது என்று கேட்டிருக்கிறார். வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இதே கேள்வி அடிக்கடி என்னிடமும் வரும்.

முதலில் ஒன்று. இந்தத் தலைசுற்றல் புதிதல்ல. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு ஒரு சிறு சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் இந்த வழக்கம் அயல்மொழிக்காரர்களுக்குப் பெரும் தொல்லை என்று எழுதிவிட்டார். சில தொடர்கள் எந்த வழியாக இன்றைய பொருளுக்கு வந்து சேர்ந்தன என்று எவ்வளவு கெட்டிக்காரராலும் கண்டுபிடிக்க முடியாது என்றும் சொன்னார். அவர் கொடுத்த எடுத்துக்காட்டுகளில் ‘டேக் ஆஃப்’ உண்டு. அதற்கு அவர் சொன்ன பொருள், ஒருவரையோ ஒன்றையோ பார்த்து அப்படியே செய்வது. விமானம் கிளம்பும் பொருள் அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

சரி, பொருளுக்கு வருவோம். என் கருத்தில் திறவுகோல் ‘டேக்’கில் இல்லை, ‘ஆஃப்’பில் இருக்கிறது. ஒன்றோடு ஒட்டியிருந்தது அதை விட்டு விலகுகிறது என்பதே ‘ஆஃப்’ தரும் அடிப்படை எண்ணம். சட்டை உடம்பை விட்டு விலகினால் கழற்றுவது. விமானம் தரையை விட்டு விலகினால் மேலெழுவது. விலையை விட்டுப் பத்து ரூபாய் விலகினால் தள்ளுபடி. திங்கட்கிழமை வேலையை விட்டு விலகினால் விடுப்பு. ஆட்டக்காரர் மைதானத்தை விட்டு விலக்கப்பட்டால் அவருக்குப் பதில் வேறொருவர் இறங்குகிறார். அகராதி பத்து எண் போட்டுப் பிரித்துக் காட்டுவதில் பெரும்பகுதி இந்த ஒரே எண்ணம்தான். ஒருவரைப் போல நடித்துக் காட்டுவது என்ற பொருள் மட்டும் இதில் எளிதாக அடங்காது, அதைத் தனியாகத்தான் நினைவில் வைக்க வேண்டும். ஜான்சன் அலுத்துக்கொண்டதும் அதைப் பார்த்துத்தானே.

அடுத்து, வாக்கியத்தில் செயப்படுபொருள் இருக்கிறதா என்று பாருங்கள். இதைச் சொல்லாமல் பொருள் பட்டியலை மட்டும் கொடுக்கும் புத்தகங்கள் மீது எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. ‘ஹி டுக் ஆஃப்’ என்று நின்றுவிட்டால், அவன் சட்டென்று கிளம்பிப் போய்விட்டான். ‘ஹி டுக் ஆஃப் ஹிஸ் ஷூஸ்’ என்றால் செருப்பையோ ஷூவையோ கழற்றினான். செயப்படுபொருள் இல்லையென்றால் பெரும்பாலும் மூன்றே வாய்ப்புகள்: விமானமோ பறவையோ மேலே கிளம்பியது, ஆள் அவசரமாகக் கிளம்பினார், அல்லது ஒரு தொழிலோ பாட்டோ திடீரென்று சூடுபிடித்தது. இந்த மூன்றாவதற்குத் தமிழில் நெருங்கி வருவது ‘எடுபடுவது’. ‘கடை எடுபட்டுவிட்டது’ என்கிறோமே, அதோடு கொஞ்சம் வேகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொருளாதாரம் படித்தவர்களுக்கு இந்தப் பொருள் பழக்கமானது. அமெரிக்கப் பொருளியலாளர் ரோஸ்டோ 1960இல் எழுதிய நூலில், ஒரு நாட்டின் வளர்ச்சி தன்னைத்தானே தாங்கிக்கொள்ளத் தொடங்கும் கட்டத்துக்கு ‘டேக்-ஆஃப்’ என்றே பெயர் வைத்தார். பிரிட்டனுக்கு அது 1783 முதல் 1802 வரை என்றும், இந்தியாவுக்கு 1952இல் தொடங்கியது என்றும் கணித்தார். கணிப்பு சரியா என்பது வேறு விவாதம். ஓடுபாதையை விட்டு எழும் விமானத்தை மனதில் கொண்டுவந்தால் அந்தப் பாடம் உடனே புரியும். இப்படிப் பெயர்ச்சொல்லாக வரும்போது நடுவில் சிறு கோடு போடுவதுண்டு, பேச்சில் அழுத்தம் ‘டேக்’ மீது விழும்.

செயப்படுபொருள் இருந்தால் அது எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். ‘டேக் ஆஃப் யுவர் கோட்’ என்றும் சொல்லலாம், ‘டேக் யுவர் கோட் ஆஃப்’ என்றும் சொல்லலாம். ஆனால் ‘இட்’, ‘தெம்’ போன்ற பிரதிப்பெயர் வந்தால் நடுவில்தான் வரும். ‘டேக் இட் ஆஃப்’ சரி, ‘டேக் ஆஃப் இட்’ தவறு. விடுப்பு எடுக்கும்போதும் நாளை நடுவில் வைப்பதே வழக்கம்: ‘ஐ ஆம் டேக்கிங் மண்டே ஆஃப்’. ஒரே வாக்கியம் இரண்டு பொருள் தருவதும் உண்டு. ‘ஹி டுக் ஹிம் ஆஃப்’ என்பதைக் கால்பந்துப் பயிற்சியாளரைப் பற்றிச் சொன்னால் ஆட்டக்காரரை வெளியே அழைத்துக்கொண்டார். நகைச்சுவைக் கலைஞரைப் பற்றிச் சொன்னால், குறிப்பாக பிரிட்டனில், யாரோ ஒரு பெரிய மனிதரைப் போலப் பேசிக் காட்டினார். அங்கே பேசும் சூழல்தான் பொருளைச் சொல்லும்.

இப்போது இணைச்சொற்கள். ஒவ்வொன்றும் ஒரு பொருளுக்கு மட்டுமே இணை என்பதை மறக்கக் கூடாது. ரிமூவ் கழற்றுவதற்கு, டிடக்ட் கழிப்பதற்கு, டிபார்ட் கிளம்புவதற்கு, மிமிக் நடித்துக் காட்டுவதற்கு. அப்புறம், இவை பெரும்பாலும் லத்தீன், பிரெஞ்சு வழி வந்தவை. 1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆட்சியும் சட்டமும் நடந்தது பிரெஞ்சிலும் லத்தீனிலும்தான். அதனால் அந்தச் சொற்களுக்கு இன்றும் ஓர் அலுவலக வாசம் உண்டு. ‘டேக்’ அப்படியல்ல, ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங் கடலோடிகளின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்து சாதாரண மக்களின் வாயில் ஊறிய சொல். அறிவிப்புப் பலகையில் ‘ரிமூவ் யுவர் ஷூஸ்’ பொருந்தும், வீட்டில் பிள்ளையிடம் ‘டேக் யுவர் ஷூஸ் ஆஃப்’ என்பதே இயல்பு. சம்பளச் சீட்டில் டிடக்ட், கடைக்காரரிடம் பேரம் பேசும்போது டேக் ஆஃப். ராக்கெட் செங்குத்தாகக் கிளம்புவதற்கு மட்டும் ‘லிஃப்ட்-ஆஃப்’ என்பதுதான் வழக்கம்.

எதிர்ச்சொல்லைக் கேட்டுப் பார்ப்பதும் நல்ல சோதனை. சட்டைக்கு ‘புட் ஆன்’, விமானத்துக்கு ‘லேண்ட்’. ‘டேக் ஆன்’ இரண்டுக்கும் ஆகாது, அது பொறுப்பை ஏற்பதற்கும் ஆளை வேலைக்கு எடுப்பதற்கும் உரியது.

மனப்பாடம் வேண்டாம் என்பதே என் பதில். நாமும் போட்டோ எடுக்கிறோம், மார்க் எடுக்கிறோம், பசி எடுக்கிறது, வாந்தி எடுக்கிறோம். எதையும் பட்டியல் போட்டுப் படித்ததில்லை, கூட வரும் சொல்லோடு சேர்த்துத்தான் கற்றோம். ‘டேக் ஆஃப்’பையும் அப்படியே குறித்து வையுங்கள்: பொருளை மட்டும் எழுதாமல், விமானம், கோட், திங்கட்கிழமை, பத்து ரூபாய் என்று கூட வரும் சொல்லோடு முழு வாக்கியமாக எழுதுங்கள். புதிய பொருளில் எங்காவது படித்தால் அந்த வாக்கியத்தையும் அதே பக்கத்தில் சேருங்கள்.