வெயிலில் மெலியும் முட்டை ஓடு: கல் மாவைக் கூட்டினால் போதுமா?

கேள்வி: பரமத்தி பக்கம் 8,000 முட்டைக் கோழிகள் வைத்திருக்கிறேன். எல்லாம் பிவி-300 ரகம், வயது 62 வாரம். பங்குனிக் கடைசியிலிருந்து ஓடு மெலிந்துகொண்டே வருகிறது. 2 சதவீதமாக இருந்த உடைசலும் கீறலும் இப்போது 6 சதவீதம். முட்டை எண்ணிக்கை அதிகம் குறையவில்லை, கோழிகளும் நோயாகத் தெரியவில்லை. தீவனத்தில் கால்சியம் 4 சதவீதம் இருக்கிறது. டன்னுக்கு இன்னும் 20 கிலோ கல் மாவு (சுண்ணாம்புக்கல் தூள்) சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா ஐயா?

பதில்: மாவாகச் சேர்க்காதீர்கள். உங்கள் கோழிகளுக்குக் கால்சியம் குறைவதென்னவோ உண்மைதான். ஆனால் அது தீவன மூட்டையில் குறையவில்லை, ராத்திரி நேரத்தில் கோழியின் வயிற்றில் குறைகிறது. அதற்கு மாவு உதவாது.

முதலில் ஒரு கணக்கு. கோழி நாளுக்கு 110 கிராம் தின்றபோது 4 சதவீதத்தில் 4.4 கிராம் கால்சியம் போய்ச் சேர்ந்தது. இந்த வெயிலில் அது 95 கிராம்தான் தின்னும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே தீவனத்தில் கிடைப்பது 3.8 கிராம். ஒரு முட்டை ஓட்டுக்கு 2 கிராமுக்கு மேல் கால்சியம் வேண்டும், தின்பதில் ஏறத்தாழ பாதிதான் உடம்பில் சேரும். அப்படியானால் 3.8 கிராம் இழுபறிதான். ஆகவே உங்களுக்கு யோசனை சொன்னவர் அளவு விஷயத்தில் முழுக்கத் தவறிவிட்டார் என்று சொல்லமாட்டேன். ஆனால் 20 கிலோ மாவைக் கொட்டினால் கால்சியம் சுமார் 4.7 சதவீதம் ஆகிவிடும், தீவனத்தின் எரிசக்தி குறையும், சுவையும் கெடும். ஏற்கெனவே குறைவாகத் தின்னும் கோழி இன்னும் குறைத்துக்கொள்ளும். அதனால் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வரிசைக் கேஜுக்கு மட்டும் தீவனத்தை எடை போட்டு வைத்து, மறுநாள் மிச்சத்தையும் எடை போடுங்கள். உண்மையில் எத்தனை கிராம் தின்கிறது என்று தெரியாமல் சதவீதத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். காலை 8 மணிக்கு ஒரு கோழி முட்டையிடுகிறது என்றால், அடுத்த அரை மணி நேரத்தில் அடுத்த மஞ்சள் கரு புறப்பட்டுவிடும். வெள்ளைக் கரு சுற்றி, உள்சவ்வு போர்த்தி, மதியம் 1 மணி சுமாருக்கு அது கருப்பைக்கு வந்து சேரும். அங்கேதான் ஏறக்குறைய 20 மணி நேரம் தங்கி ஓடு கட்டுகிறது. முதல் சில மணி நேரம் வேலை மெதுவாக நடக்கும். ஓடு வேகமாகக் கெட்டிப்படுவது பொழுது சாய்ந்த பிறகு, முக்கியமாக ராத்திரியில். அந்த நேரத்தில் ஷெட்டில் விளக்கு இல்லை, கோழி தின்னவில்லை. மாலையில் தின்ற மாவு சில மணி நேரத்தில் குடலைக் கடந்து போய்விடுகிறது. அதற்குப் பிறகு கோழி தன் எலும்பைக் கரைத்துத்தான் ஓட்டுக்குக் கால்சியம் கொடுக்கிறது. இளம் கோழி இதைத் தாங்கும். 62 வாரக் கோழியிடம் அந்தச் சேமிப்பு குறைந்திருக்கும். முட்டையும் பெரிதாகியிருக்கும். கால்சியம் அதே அளவு, போர்த்த வேண்டிய பரப்போ அதிகம். ஓடு மெலியாமல் என்ன செய்யும்?

இதற்கு மருந்து கிரிட். 2 முதல் 4 மில்லிமீட்டர் வரையுள்ள சுண்ணாம்புக்கல் துண்டோ, கிளிஞ்சல் துண்டோ எதுவானாலும் சரி. அது அரைவைப் பையில் தங்கி ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். உங்கள் வயதுக் கோழிக்கு மொத்தச் சுண்ணாம்பில் மூன்றில் இரண்டு பங்கு கிரிட்டாகவும் ஒரு பங்கு மாவாகவும் இருக்க வேண்டும். இப்போது போடும் மாவிலேயே பெரும்பகுதியை எடுத்துவிட்டுக் கிரிட்டாக மாற்றுங்கள். அதன் மேல் டன்னுக்கு 10 கிலோ கிரிட் கூடுதலாகச் சேர்த்தால் கால்சியம் 4.4 சதவீதத்தைத் தொடும். அது போதும்.

கிரிட் என்ற பெயரில் வருவதெல்லாம் கிரிட் அல்ல. ஒரு கைப்பிடி எடுத்துச் சலித்துப் பாருங்கள், பாதி தூளாகக் கொட்டினால் திருப்பி அனுப்புங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொஞ்சம் ஊற்றி அதில் நாலைந்து துண்டு போடுங்கள் (கையுறை கட்டாயம்). மாவு போட்டால் பொங்கி எழுந்து சட்டென்று அடங்கிவிடும். நல்ல கிரிட் அடியில் கிடந்தபடி சின்னச் சின்னக் குமிழிகளை விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். வாங்கும் இடத்தில் மெக்னீசிய அளவையும் கேளுங்கள். டோலமைட் கலந்த கல்லில் மெக்னீசியம் அதிகம், அது ஓட்டைக் கெடுக்கும். பக்கத்துச் சேலம் மெக்னசைட் என்ற மெக்னீசியக் கனிமம் கிடைக்கும் பூமி என்பதால் நம் பகுதிப் பண்ணையாளர்களிடம் இதை நான் எப்போதும் அழுத்திச் சொல்வேன். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்தில் கொடுத்தால் கால்சியம், பாஸ்பரஸ் எல்லாமே பார்த்துத் தருவார்கள்.

கிரிட் மாற்றிய பிறகு ஒரு நாள் ராத்திரி, விளக்கு அணைவதற்குக் கொஞ்சம் முன்னால் ஷெட்டுக்குள் போய் ஒவ்வொரு வரிசையிலும் நாலைந்து கோழிகளின் தீனிப்பையை விரலால் தடவிப் பாருங்கள். நிறைந்து, உள்ளே கல் நெருடினால் சரி. தொளதொளவென்று காலியாக இருந்தால் நீங்கள் எவ்வளவு நல்ல கிரிட் வாங்கியும் அது நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

அப்படியானால் தீவனம் வைக்கும் நேரத்தை மாற்ற வேண்டும். முட்டைக் கோழிக்குக் கால்சியத்தின் மேல் ஆசை வருவதே சாயங்காலத்தில்தான். நாள் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கை விடியற்காலையிலும், மீதியை 4 மணிக்குப் பிறகு இரண்டு தடவையாகவும் வையுங்கள். உச்சி வெயிலில், 12 முதல் 3 வரை, தீவனத் தொட்டி காலியாக இருப்பது நல்லது. அந்த நேரத்தில் தின்றால் செரிமானச் சூடும் சேர்ந்துகொள்ளும். தீவனம் வைக்காத நேரத்திலும் மாலையில் ஒருவர் தொட்டியைக் கிளறிவிட்டபடி நடந்தால் கோழி எழுந்து தின்னும்.

வெயில் இன்னொரு வழியிலும் ஓட்டைத் தின்கிறது. ஓடு என்பது கால்சியம் கார்பனேட். அதில் கால்சியம் தீவனத்திலிருந்து வருகிறது. கார்பனேட்டோ ரத்தத்தில் கரைந்திருக்கும் கரியமில வாயுவிலிருந்து வருகிறது. வாயைத் திறந்து இளைக்கும் கோழி அந்த வாயுவை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. தீவனத்தில் எவ்வளவு கால்சியம் இருந்தாலும் மறுபாதி இல்லாமல் ஓடு எப்படிக் கட்டும்? 1985இல் அமெரிக்காவில் கடும் வெப்பத்தில் வைத்த வெள்ளை லெகார்ன் கோழிகளுக்குச் சோடா தண்ணீர், அதாவது கரியமில வாயு ஏற்றிய தண்ணீர், குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓடு தேறியது. பண்ணையில் நாம் அதைச் செய்ய முடியாது. சமையல் சோடாவை டன்னுக்கு 2 கிலோ சேர்த்து, சாப்பாட்டு உப்பில் 1 கிலோ குறைக்கலாம். கூடவே வைட்டமின் சி, டன்னுக்கு 200 கிராம்.

ஆனால் சோடா போடும் முன் போர்வெல் தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்கள். நம் பகுதிப் போர்களில் பலவற்றில் உப்பு அதிகம். தண்ணீரில் உப்பு ஏற ஏற ஓட்டுச் சேதமும் ஏறுகிறது என்பதை 1980களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தெளிவாகக் காட்டினார்கள். அதே அளவு உப்பு தீவனத்தில் போனால் செய்யாத கெடுதலைத் தண்ணீரில் போனால் செய்கிறது. கோடையில் கோழி இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கிறது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். உங்கள் போரில் உப்பு அதிகம் என்று முடிவு வந்தால், வேறு தண்ணீர் கலந்துவிடுவதுதான் முதல் வேலை. தண்ணீர்த் தொட்டிக்கு வெள்ளையடித்து நிழல் போடுங்கள், மதியம் 1 மணிக்கும் 3 மணிக்கும் கோழி குடிக்கும் நிப்பிள் பைப்பில் நிற்கும் சூடான தண்ணீரைத் திறந்துவிடுங்கள். கூரைத் தெளிப்பும், தண்ணீரைப் பனிபோல் தூவும் ஃபாகரும் உங்களுக்குத் தெரிந்ததே. காற்றோட்டம் இல்லாமல் ஃபாகர் மட்டும் போட்டால் புழுக்கம்தான் கூடும்.

பாஸ்பரஸுக்காகச் சேர்க்கும் டி.சி.பி.யை (டைகால்சியம் பாஸ்பேட்) கூட்டச் சொன்னால் கேட்காதீர்கள். பாஸ்பரஸ் மிகுந்தாலும் ஓடு மெலியும். முட்டை எடை அதிகமாக இருந்தால் தீவனத்தில் சேர்க்கும் எண்ணெயையும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தையும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். முட்டை இன்னும் பெரிதாகாமல் இருந்தாலே ஓட்டுக்குப் பாதி உதவி.

நோய் என்று எனக்குத் தோன்றவில்லை. ஓடே இல்லாத தோல் முட்டைகள் திடீரென்று கூடி, எண்ணிக்கையும் சரிந்தால் இ.டி.எஸ். (முட்டை வீழ்ச்சி நோய்) என்று சந்தேகப்படலாம். ஓடு சுருங்கி வரிவரியாக இருந்து, உடைத்தால் வெள்ளைக் கரு தண்ணீராக ஓடினால் ஐ.பி. (தொற்று மூச்சுக்குழல் அழற்சி) என்று சந்தேகப்படலாம். இவை இரண்டில் எதன் அறிகுறி தெரிந்தாலும் ரத்த மாதிரி எடுத்து மருத்துவரிடம் போங்கள். கீறல்கள் ஒரே வரிசையில் மட்டும் அதிகமாக இருந்தால் கோழியை விடுங்கள், கேஜின் அடிக் கம்பியைப் பாருங்கள். முட்டையை நாளுக்கு மூன்று தடவை எடுங்கள். கேரளாவுக்கு லாரியில் போகிற முட்டையானாலும் வளைகுடாவுக்குக் கப்பலில் போகிற முட்டையானாலும், ஷெட்டில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைக் கீறல் வழியில் உடைசலாகிவிடும்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க உடைசலை மட்டும் எண்ணாதீர்கள். ஹைட்ராமீட்டர் வைத்து 1.080 அடர்த்திக்கு உப்புத் தண்ணீர் கரைத்துக்கொள்ளுங்கள். அன்று காலை இட்ட முட்டையில் 30 எடுத்து அதில் போடுங்கள். மூழ்குவது நல்ல ஓடு, மிதப்பது மெலிந்த ஓடு. இன்று எத்தனை மிதக்கிறது என்று எழுதி வையுங்கள், வாரம் ஒரு முறை திரும்பச் செய்யுங்கள். கிரிட்டும் நேர மாற்றமும் வேலை செய்தால் இரண்டு வாரத்துக்குள் மிதக்கும் எண்ணிக்கை குறையத் தொடங்கும்.

குறையாவிட்டால் நடுராத்திரி விளக்குக்குப் போகலாம். 16 மணி நேர வெளிச்சத்தில் கை வைக்காமல், நடு இரவில் தனியாக ஒரு மணி நேரம் விளக்கு போட்டு, தொட்டியில் தீவனமும் பைப்பில் தண்ணீரும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னும் பின்னும் குறைந்தது 3 மணி நேரம் முழு இருட்டு வேண்டும். ஓடு கட்டும் நேரத்திலேயே கோழி தின்னும், இரவுக் குளிர்ச்சியில் நன்றாகவே தின்னும். இந்த விளக்கை ஒரே நாளில் தொடங்கலாம், ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. ஆடிக் காற்று வந்து வெக்கை தணிந்த பிறகு வாரத்துக்கு 15 நிமிடமாகக் குறைத்து எடுங்கள்.