வைரஸா காரணம்? ஆட்டிசம் குழந்தைகளின் பெற்றோர் கேட்கிறார்கள்

பெங்களூரு வாசகர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே சந்தேகத்தைச் சுற்றியே வந்தன. அவற்றிலிருந்து ஆறு கேள்விகளுக்குக் குழந்தை நரம்பியல், வளர்ச்சி மருத்துவக் குழு இங்கே பதில் தருகிறது.

எங்கள் பையனுக்கு மூன்று வயது நான்கு மாதம். ஒன்றரை வயதில் பத்துப் பதினைந்து சொற்கள் பேசினான். இருபதாவது மாதத்தில் ஐந்து நாள் காய்ச்சல். அதற்குப் பிறகு பேச்சு நின்றுவிட்டது; கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆட்டிசம் என்றார்கள். தெரிந்தவர் சொல்லி வைரஸ் பேனல் எடுத்தோம். சி.எம்.வி., இ.பி.வி., எச்.எச்.வி-6 என்ற மூன்று வைரஸ்களுக்கும் ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ். ஆறு மாதம் ஆன்டிவைரல் மாத்திரை கொடுத்தால் பேச்சு திரும்பும் என்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, அல்சூர்

கொடுக்க வேண்டாம். ஏன் என்பதை விரிவாகவே சொல்கிறோம். இதே ரிப்போர்ட் இன்னும் பல வீடுகளில் ஃபைலில் இருக்கிறது.

ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்றால் உடம்பு அந்த வைரஸை எப்போதோ சந்தித்து எதிர்ப்பொருள் உண்டாக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். எப்போது சந்தித்தது என்று அது சொல்லாது. மூளைக்குள் போனதா என்றும் சொல்லாது. எச்.எச்.வி-6 பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு வயதுக்குள் வந்து போய்விடும். நம் நாட்டில் சி.எம்.வி.யும் இ.பி.வி.யும் சிறு வயதிலேயே வந்துவிடுவதுதான் வழக்கம். நன்றாகப் பேசி ஓடியாடும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இதே பேனலை எடுத்தாலும் அநேகமாக இதே முடிவுதான் வரும். எண் அதிகம், அதனால் வைரஸ் இன்னும் வேலை செய்கிறது என்று சிலர் சொல்வார்கள். அதுவும் சரியல்ல. எதிர்ப்பொருளின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரு தடவை எடுத்த அளவை வைத்து வைரஸ் விழித்திருக்கிறதா என்று கணிக்க முடியாது. ஒன்றரை வயதுக்குட்பட்ட குழந்தையாக இருந்தால், தெரிவது அம்மாவிடமிருந்து வந்த எதிர்ப்பொருளாகவும் இருக்கலாம்.

இனி மாத்திரை. வாலசைக்ளோவிர் என்ற ஆன்டிவைரல் ஹெர்பிஸ், சின்னம்மை வைரஸ்களுக்கு உதவும். சி.எம்.வி., இ.பி.வி.யிடம் அதற்குப் பெரிய பலம் கிடையாது. எந்த ஆன்டிவைரலாக இருந்தாலும், பெருகிக்கொண்டிருக்கும் வைரஸைத்தான் தடுக்கும். உடம்பில் உறங்கிக் கிடப்பதை வெளியேற்றாது. வாலசைக்ளோவிர் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. குழந்தை தண்ணீர் குறைவாகக் குடித்தாலோ, வாந்தி பேதி வந்தாலோ மருந்து சிறுநீரகத்தில் படிகமாகத் தங்கிவிடும். சாப்பாட்டிலும் தண்ணீரிலும் பிடிவாதம் உள்ள குழந்தைக்கு இது சின்ன விஷயமல்ல. வால்கேன்சைக்ளோவிர் என்ற இன்னொரு ஆன்டிவைரல் இன்னும் கடுமையானது: வெள்ளை அணுக்களைச் சரித்துவிடும், விலங்குச் சோதனைகளில் விதைப்பையைப் பாதித்திருக்கிறது, புற்றுநோயையும் உண்டாக்கியிருக்கிறது. பிறவியிலேயே சி.எம்.வி. தாக்கி அறிகுறி காட்டும் பச்சிளம் குழந்தைக்கு, பிறந்த முதல் மாதத்தில் தொடங்கி, அடிக்கடி ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்துக்கொண்டேதான் அதை ஆறு மாதம் கொடுக்கிறோம். மூன்று வயது ஆட்டிசம் குழந்தைக்கு அது பேச்சைத் திருப்பித் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

அப்படியானால் அந்தக் காய்ச்சல்? இந்த வயதில் ஒரு குழந்தைக்கு வருடத்தில் ஆறெட்டுத் தடவை சளி, காய்ச்சல் வரும். பேச்சு குறையும் ஆட்டிசம் பெரும்பாலும் 15-லிருந்து 24 மாதத்துக்குள் வெளிப்படுகிறது. ஆகவே எந்த மாதத்தில் பேச்சு நின்றாலும் பக்கத்தில் ஒரு காய்ச்சல் இருக்கத்தான் செய்யும். முதல் பிறந்தநாள் வீடியோவை ஒருமுறை போட்டுப் பாருங்கள். எல்லோரும் கைதட்டும்போது குழந்தை முகங்களைப் பார்க்கிறானா, மெழுகுவத்தியையே பார்க்கிறானா? பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? பிடித்ததை விரலால் காட்டிவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கிறானா? இவை அப்போதே குறைந்திருந்தால், காய்ச்சலுக்கு முன்பே தொடங்கிய விஷயம் அது.

காய்ச்சலின்போது எழுப்ப முடியாத தூக்கம், ஆளை அடையாளம் தெரியாமை, வலிப்பு, நடை தடுமாற்றம் இவற்றில் ஏதாவது இருந்ததா? இருந்திருந்தால் கதை வேறு. அது மூளை அழற்சியாக இருந்திருக்கலாம். அப்போதைய மருத்துவமனைக் குறிப்புகளுடன் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். எம்.ஆர்.ஐ., மூளை அலைகளைப் பதியும் இ.இ.ஜி., தேவைப்பட்டால் முதுகுத் தண்டு நீர்ப் பரிசோதனை என்று அவர் முடிவு செய்வார். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

பேனலுக்குச் செலவழிக்கும் பணத்தை பெரா என்கிற செவிப் பரிசோதனைக்கும், குரோமோசோம் மைக்ரோஅரே, ஃப்ராஜைல் எக்ஸ் ஆகிய மரபணுப் பரிசோதனைகளுக்கும், ஃபெரிட்டின் என்கிற இரும்புச்சத்து அளவுக்கும் வையுங்கள். மண், சுண்ணாம்பு, பெயின்ட் தின்னும் பழக்கம் இருந்தால் ரத்தத்தில் ஈய அளவும் பாருங்கள். இவை ஒவ்வொன்றும் நாம் அடுத்துச் செய்வதை மாற்றும். எந்த லேப் சீட்டு கையில் வந்தாலும் எழுதியவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "பாசிட்டிவ் வந்தால் என்ன செய்வோம், நெகட்டிவ் வந்தால் என்ன செய்வோம்?" இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் குழந்தையின் கையில் ஊசி குத்த வேண்டாம். இதற்கிடையே தெரபி ஒரு வாரம்கூட நிற்கக் கூடாது.

மகனுக்கு ஏழரை வயது, ஆட்டிசம். நன்றாக எழுதிக்கொண்டிருந்தவன் மூன்று மாதமாகப் பென்சிலை நழுவவிடுகிறான். உட்கார்ந்திருக்கும்போதே திடீரென்று தலை தொங்கி நிமிர்கிறது. ஆட்டிசத்தில் இப்படி வரும், புதுப் பழக்கம் என்கிறார் தெரபிஸ்ட்.
– வாசகர், எலெக்ட்ரானிக் சிட்டி

இதழ் கைக்குக் கிடைத்த அன்றே கிளம்புங்கள். ஏழு வயதில் கற்ற திறமை கரைவது ஆட்டிசத்தின் இயல்பல்ல. திடீர்த் துள்ளல் வலிப்பாக இருக்கலாம். எஸ்.எஸ்.பி.ஈ. என்ற நோயையும் உடனே பார்த்தாக வேண்டும். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த தட்டம்மையின் வைரஸ் மூளையில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் படிப்பு சரிவது, பொருள் நழுவுவது, உடல் தூக்கிப்போடுவது என்று வெளிப்படும். வைரஸைத் தேடியே ஆக வேண்டிய இடம் இது. இ.இ.ஜி.யில் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் அலைகளும், முதுகுத் தண்டு நீரில் தட்டம்மை எதிர்ப்பொருளும் அதைக் காட்டிக்கொடுக்கும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இந்த நோயைக் கண்டறிவதில் நீண்ட அனுபவம் உண்டு.

அந்தத் துள்ளலை போனில் எடுத்துக்கொள்ளுங்கள். முகம், இரண்டு கை, இரண்டு கால் எல்லாமே படத்தில் இருக்க வேண்டும். இரண்டு நிமிடம் போதும். தடுப்பூசி அட்டை, ஒரு வருடத்துக்கு முந்தைய நோட்டுப் புத்தகம், இந்த மாத நோட்டுப் புத்தகம் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்தால் டாக்டருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

மனைவிக்கு மூன்றாம் மாதக் கர்ப்பத்தில் காய்ச்சலும் உடம்பெல்லாம் தடிப்பும் வந்தது. மகளுக்கு இப்போது நான்கு வயது, ஆட்டிசம். அதனால்தானா? இப்போது டார்ச் டெஸ்ட் எடுத்தால் தெரியுமா? அடுத்த குழந்தைக்கு யோசிக்கிறோம்.
– வாசகர், ஸ்ரீராமபுரம்

கர்ப்பகாலத் தொற்றுக்கும் ஆட்டிசத்துக்கும் உள்ள தொடர்பில் மிகத் தெளிவானது ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை). அமெரிக்காவில் 1964-ல் பரவிய ருபெல்லாவுக்குப் பிறகு, கருவிலேயே அந்தத் தொற்றுக்கு ஆளாகிப் பிறந்த 243 குழந்தைகளை ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவர் ஆராய்ந்து 1971-ல் எழுதினார். அவர்களிடையே ஆட்டிசம் மிக அதிகமாக இருந்தது. ஆனால் முதல் மூன்று மாதத்தில் தாக்கும் ருபெல்லா தனியாக ஆட்டிசத்தை மட்டும் தந்துவிட்டுப் போவது அரிது. செவித்திறன் குறைவு, கண்புரை, இதயக் கோளாறு, சிறிய தலை இவற்றில் ஏதாவது கூடவே வரும்.

கர்ப்பகாலத் தொற்றுகளைத் தேடும் டார்ச் டெஸ்ட் நான்கு வயதில் உதவாது. சி.எம்.வி.யைப் பொறுத்தவரை, பிறந்து 21 நாளுக்குள் சிறுநீரிலோ எச்சிலிலோ பி.சி.ஆர். எடுத்தால்தான் பிறவித் தொற்று என்று உறுதியாகச் சொல்ல முடியும். பிறகு வரும் பாசிட்டிவ் பால்வாடியில் ஒட்டியதாகவும் இருக்கலாம். ருபெல்லா ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் வந்தால், ஒன்பதாம் மாதத்தில் போட்ட தடுப்பூசியைத்தான் அது காட்டும்.

இன்றைக்கும் பலன் தரும் பரிசோதனைகள் இவை: பெரா, கண் மருத்துவரிடம் விழித்திரைப் பரிசோதனை, தலைச் சுற்றளவு. இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்டால் எக்கோ என்ற இதய ஸ்கேன். தலை சிறிதாக இருந்தாலோ வலிப்பு இருந்தாலோ எம்.ஆர்.ஐ. பிறவி சி.எம்.வி.யால் வரும் செவிக் குறைவு பிறந்தபோது இல்லாமல் பின்னால் வரலாம், கூடிக்கொண்டும் போகலாம். அதனால் பிறந்தவுடன் பார்த்தபோது காது நன்றாக இருந்தது என்பதோடு விடக் கூடாது. காது சரியாகக் கேட்காத குழந்தைக்கு எத்தனை மணி நேரம் தெரபி கொடுத்தாலும் பாதி வீண்.

அடுத்த குழந்தைக்கு முன் மனைவிக்கு ருபெல்லா ஐ.ஜி.ஜி. பாருங்கள். பெரியவர்களுக்கு அது பயனுள்ள பரிசோதனை. நெகட்டிவ் என்றால் தடுப்பூசி போட்டு, ஒரு மாதமாவது கழித்துக் கருத்தரிக்கலாம். கர்ப்பத்தில் அந்த ஊசி கூடாது. சி.எம்.வி.க்குத் தடுப்பூசி கிடையாது. சின்னக் குழந்தையின் எச்சிலும் சிறுநீரும்தான் வழி. அதனால் கர்ப்ப காலத்தில் மகள் வைத்த மிச்சத்தைச் சாப்பிட வேண்டாம், அவள் ஸ்பூனைப் பகிர வேண்டாம், டயபர் மாற்றியதும் சோப்பால் கை கழுவ வேண்டும், வாயில் முத்தம் வேண்டாம், நெற்றியில் கொடுக்கலாம். மூத்த குழந்தைக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்ததற்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. அதனால் 16 மாதத்திலிருந்தே, ஆட்டிச அறிகுறிகளைக் கண்டறிய உதவும் எம்-சாட் கேள்வித்தாளை நிரப்பிப் பாருங்கள்.

மனைவியிடம் இதையும் சொல்லுங்கள்: கர்ப்பத்தில் காய்ச்சல் வந்த தாய்மாரில் மிகப் பெரும்பாலோரின் குழந்தைகளுக்கு ஆட்டிசம் இல்லை. அவர் செய்த தவறு எதுவும் இதில் இல்லை.

பெரிய பேரனுக்கு ஆட்டிசம். சின்னவளுக்கு ஒன்பது மாதம், எம்.ஆர். (தட்டம்மை-ருபெல்லா) ஊசி போடச் சொல்கிறார்கள். மருமகள் பயப்படுகிறாள்.
– பாட்டி, விவேக் நகர்

போடுங்கள் அம்மா. இந்த வகை ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற பயத்தைக் கிளப்பிய 1998-ம் ஆண்டுக் கட்டுரை 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதப்பட்டது. அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-ல் அதைத் திரும்பப் பெற்றது. எழுதியவரின் பெயர் பிரிட்டனில் மருத்துவர் பதிவேட்டிலிருந்தே நீக்கப்பட்டது. உங்கள் வீட்டு நிலைமைக்கே பொருந்தும் ஆய்வும் இருக்கிறது. மூத்த சகோதரரோ சகோதரியோ உள்ள 95,727 குழந்தைகளை அமெரிக்காவில் ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். மூத்தவருக்கு ஆட்டிசம் இருந்த குடும்பங்களிலும் ஊசியால் ஆபத்து கூடவில்லை. 2019-ல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பார்த்தபோதும் அப்படித்தான்.

முதல் ஊசி 9 மாதம் முடிந்து, அடுத்தது 16-லிருந்து 24 மாதத்துக்குள். ஊசி போட்ட ஏழாம் நாள் முதல் பன்னிரண்டாம் நாளுக்குள் லேசான காய்ச்சலோ தடிப்போ வரலாம், தானே போய்விடும். இரண்டாவது கேள்வியில் சொன்ன எஸ்.எஸ்.பி.ஈ.யைத் தடுப்பதும் இந்த ஊசிதான்.

காய்ச்சல் வந்தால் மகன் மடியில் வந்து உட்காருகிறான், கண்ணைப் பார்க்கிறான். காய்ச்சல் போனதும் பழையபடி. உள்ளே ஏதோ தொற்று இருப்பதற்கு அடையாளமா?
– வாசகி, ஜீவன்பீமா நகர்

நீங்கள் பார்ப்பது உண்மைதான். 2007-ல் பீடியாட்ரிக்ஸ் இதழில் 30 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. காய்ச்சலின்போது பலரிடம் எரிச்சலும் திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களும் குறைந்தன. ஆனால் அது மறைந்திருக்கும் தொற்றுக்கு அடையாளமல்ல. அந்த நல்ல நேரம் நீளட்டும் என்று மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். கடையில் ஒரே பெயரில் இரண்டு வலுவில் சிரப் கிடைக்கும்: 5 மில்லியில் 120 மில்லிகிராம், 5 மில்லியில் 250 மில்லிகிராம். 14 கிலோ குழந்தைக்கு 210 மில்லிகிராம் தேவை. அது 250 பாட்டிலில் சுமார் 4 மில்லி, 120 பாட்டிலில் சுமார் 9 மில்லி. பழைய பாட்டில் தீர்ந்து புதியது வாங்கும்போதுதான் அளவு தவறிப்போகிறது. ஒவ்வொரு தடவையும் லேபிளைப் படியுங்கள். டெங்கு சீசனில் ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் வேண்டாம். பேசாத குழந்தை காதை இழுத்தாலோ, தலையை முட்டினாலோ, ஒரு பக்கமாகவே படுத்தாலோ காதையும் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ரத்தம் எடுக்கப் போனால் நான்கு பேர் பிடித்தும் முடியவில்லை. என்ன செய்வது?
– வாசகர், மர்ஃபி டவுன்

நான்கு பேர் சேர்ந்து அமுக்குவதுதான் அடுத்த தடவையைக் கெடுக்கிறது. முதலில், தேவையான பரிசோதனைகள் எல்லாவற்றையும் ஒரே சீட்டில் எழுதி வாங்குங்கள். ஒரே குத்தில் முடியட்டும். பிரைலாக்ஸ் போன்ற மரத்துப்போகும் க்ரீமை முழங்கை மடிப்பு இரண்டிலும் போடுங்கள். நரம்பு ஒரு பக்கம் கிடைக்காவிட்டால் மறுபக்கம் தயாராக இருக்கும். தேய்க்காமல் தடிமனாக வைத்து, சமையலறை பிளாஸ்டிக் உறையால் மூடி, மேலே முழுக்கைச் சட்டை போட்டுவிட்டால் பிய்க்க மாட்டான். 60 நிமிடம் இருக்க வேண்டும். 20 நிமிடத்தில் துடைத்துவிட்டுக் க்ரீம் வேலை செய்யவில்லை என்பவர்கள்தான் அதிகம். அளவு வயதையும் எடையையும் பொறுத்தது, டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

லேபுக்குப் போன் செய்து கூட்டமில்லாத நேரத்தைக் கேளுங்கள். காலை ஏழரைக்குச் சர்க்கரைப் பரிசோதனைக்காரர்கள் நிறைந்திருப்பார்கள். மேலே சொன்ன மரபணு, ஃபெரிட்டின், ஈயப் பரிசோதனைகளுக்கு வெறும் வயிறு அவசியமில்லை, நன்றாகத் தண்ணீர் குடிக்க வைத்துக் கூட்டிப்போங்கள், நரம்பு தெரியும். மூன்று நாள் முன்பிருந்தே வீட்டில் பெல்ட்டைக் கையில் கட்டி, பஞ்சால் துடைத்து, பத்து எண்ணி அவிழ்த்துப் பழக்குங்கள். லேபிலும் மடியில் முதுகு உங்கள் மார்பில் படும்படி உட்காரவைத்து, அதே பத்தை அதே குரலில் எண்ணுங்கள். இரண்டு குத்துக்கு மேல் போனால் அன்றைக்கு நிறுத்திவிட்டு வேறொரு நாள் வரலாம். இந்தப் பரிசோதனைகளில் எதுவும் அவ்வளவு அவசரமில்லை.