ஞாயிறு தாங்குற சார்ஜ் வேலை நாளில் தாங்கலைன்னா

வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்கு ஸ்கூட்டர்ல போறப்போ போனை ஹேண்டில்பார்ல மாட்டி மேப் போட்டுக்கிறதாகவும், காலையில 100 இருக்கிற சார்ஜ் மதியத்துக்குள்ள 30 ஆயிடுறதாகவும் எழுதியிருக்கீங்க. ஞாயிற்றுக்கிழமை வீட்டில ராத்திரி வரைக்கும் தாங்குதுன்னு சொன்னீங்களே, அதுதான் முக்கியமான துப்பு. பேட்டரியே போயிருந்தா ஞாயிறும் தாங்காது. புது பேட்டரி மாத்த ரிச்சி தெருவுக்கு இப்பவே ஓட வேண்டாம்.

வெயில்ல திரை தானாவே முழு வெளிச்சத்துக்கு ஏறிடும். கூடவே ஜிபிஎஸ்ஸும் டேட்டாவும் ஓடும். ஆனா எனக்குப் பெரிய சந்தேகம் உங்க ஆபீஸ் மேலதான். கண்ணாடிக் கட்டடத்துக்குள்ள சிக்னல் ஒரு கோடுதான் வருதுன்னா, டவரை எட்டப் போன் கூடுதல் சக்தி செலவழிக்கும். 5ஜி வந்து வந்து போற இடத்தில இது இன்னும் மோசம். ரெண்டு நாள் 4ஜி மட்டும் வச்சு, உள்ளே போனதும் வைஃபையில இணைச்சுப் பாருங்க. செட்டிங்ஸ்ல பேட்டரி பக்கத்தில எந்த ஆப் அதிகமா தின்னுதுன்னும் பாருங்க.

தினமும் போற வழிதானே, கிளம்புறதுக்கு முன்னாடி டிராஃபிக் பாத்துட்டு போனைப் பையில வச்சிடுங்க. இதைக் கெஞ்சியே கேக்குறேன். 35 டிகிரிக்கு மேல சூடு ஏறினா லித்தியம் பேட்டரியோட ஆயுசு நிரந்தரமா குறையும். சித்திரை வெயில்ல ஹேண்டில்பார்ல மாட்டின போன் அதைச் சுலபமா தாண்டிடும். சூடா இருக்கும்போது சார்ஜும் போடாதீங்க.

பின்பக்க மூடி லேசா உப்பியிருந்தா மட்டும் இதெல்லாம் விட்டுடுங்க. சார்ஜ் போடாம, அன்னைக்கே சர்வீஸ் சென்டர் போயிடுங்க.