மூலத்தில் பிறந்த பெண்ணும் வேதமும்

கேள்வி: என் மகளுக்கு மூல நட்சத்திரம். நல்ல வரன் ஒன்று கூடிவந்தது. பையனுக்கும் அவளைப் பிடித்துவிட்டது. ஆனால் மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது என்று பையனின் அப்பா தயங்குகிறார். எங்கள் ஜோதிடரோ, “ஜோதிடம் வேதத்தின் கண். வேதத்தில் இருப்பதை நான் எப்படி மாற்றுவது?” என்கிறார். வேதமே சொல்லியிருந்தால் மீற எனக்கு மனம் வராது. நிஜமாகவே அப்படி இருக்கிறதா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

வேதத்தில் அப்படி இல்லை. மாமனாருக்கு ஆகாது என்ற பேச்சு பின்னால் வந்த முகூர்த்த நூல்களைச் சேர்ந்தது.

ஜோதிடம் வேதத்தின் கண் என்று உங்கள் ஜோதிடர் சொன்னது பொய்யல்ல. சிட்சை, கல்பம், வியாகரணம், நிருக்தம், சந்தஸ், ஜோதிஷம் என்று வேதத்துக்கு ஆறு அங்கங்கள். ஆனால் அந்த ஜோதிஷம் எது என்று பார்க்க வேண்டும். லகதர் பெயரில் வழங்கும் வேதாங்க ஜோதிஷத்தில் ரிக் வேதத்துக்கு உரிய பாடம் வெறும் 36 சுலோகம். 5 வருஷம் ஒரு யுகம், அதில் 1830 நாள், 62 சந்திர மாதம் என்று கணக்குப் போடுகிறது. அமாவாசை, பௌர்ணமி எப்போது, அயனம் எப்போது திரும்பும் என்று தெரிந்தால்தானே வேள்வியை உரிய காலத்தில் செய்ய முடியும்? அதற்குத்தான் அந்த நூல். மேஷம், ரிஷபம் என்ற ராசிகள் அதில் இல்லை. கட்டம் போட்ட ஜாதகம் இல்லை, செவ்வாய் தோஷமும் இல்லை.

பன்னிரண்டு ராசியை வைத்துப் பலன் சொல்லும் முறை யவனர்கள், அதாவது கிரேக்கர்கள், வழியாக வந்து நம் நட்சத்திரக் கணக்கோடு கலந்தது. இதை நம் பெரியவர்கள் மறைக்கவே இல்லை. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் ஜாதகத்தில் மேஷத்துக்குக் ‘கிரியா’ என்றும் ரிஷபத்துக்குத் ‘தாவுரி’ என்றும் கிரேக்கப் பெயர்களையே கொடுத்திருக்கிறார். ஹோரை, கேந்திரம் என்று ஜோதிடர்கள் தினமும் சொல்கிறார்களே, அவையும் கிரேக்கச் சொற்கள்தான். யவனர்கள் மிலேச்சர்களாக, அதாவது வேத நெறிக்கு வெளியே உள்ள அன்னியர்களாக, இருந்தாலும் இந்தச் சாஸ்திரம் அவர்களிடம் நன்றாக நிலைத்திருப்பதால் ரிஷிகளைப் போலப் போற்றப்படுகிறார்கள் என்று பிருகத் சம்ஹிதையில் மனம் திறந்து எழுதினார். எனக்கு அவர் மேல் மிகுந்த மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

சரி, மூலம் வேதத்தில் வரவே இல்லையா? வருகிறது. அந்த நட்சத்திரத்தின் தேவதை நிருதி, அழிவுக்கு உரியவள். அதர்வ வேதத்தின் ஆறாம் காண்டத்தில் மூன்றே மந்திரங்கள் கொண்ட ஒரு சூக்தம் இருக்கிறது (110ஆவது). கேட்டை, மூலம் போன்ற நட்சத்திரத்தில் பிறந்த பிள்ளைக்காக அக்னியிடம் வேண்டுவது அது. ‘இவனைக் காப்பாற்று, எல்லாக் கேடுகளையும் தாண்டி நூறு ஆண்டு வாழ அழைத்துப் போ’ என்கிறது. ‘வளர்ந்து இவன் தகப்பனைக் கொல்லாதிருக்கட்டும், பெற்ற தாய்க்குத் தீங்கு செய்யாதிருக்கட்டும்’ என்று முடிகிறது.

பயம் இருந்திருக்கிறது, சகோதரி. ஆனால் அது யாரைப் பற்றிய பயம் என்று பாருங்கள். பிறந்தது ஆண் பிள்ளை. மருமகள் பேச்சே அங்கு கிடையாது. பயந்தவர்களும் பிள்ளையை ஒதுக்கிவைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு நூறு வயசு கேட்டார்கள். ‘ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்’ என்று நம் ஊரில் சொல்வது இதற்கு நேர் எதிராக அல்லவா இருக்கிறது! அந்தப் பழமொழியே ‘ஆனி மூலம், பின் மூலம்’ என்பதன் திரிபு என்று சொல்லும் ஜோதிடர்களும் உண்டு. உங்கள் ஜோதிடரிடம் இதையும் கேட்டுப்பாருங்கள்.

அப்புறம், தினமும் விளக்கேற்றும் வீட்டில் கோளறு பதிகம் தெரியாமல் இருக்காது. மங்கையர்க்கரசியார் அழைத்து, சம்பந்தர் மதுரைக்குக் கிளம்புகிறார். நாளும் கோளும் சரியில்லை என்று அப்பர் தடுக்கிறார். அவர் வயதில் எவ்வளவு மூத்தவர், எத்தனை அன்போடு தடுத்தார்! சம்பந்தர் அவரை மறுத்துப் பேசவில்லை. ஞாயிறு முதல் பாம்பிரண்டும் வரை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, அடியாருக்கு எல்லாம் ‘நல்ல நல்ல’ என்று பாடிவிட்டுப் போனார். பாடிய இடம் திருமறைக்காடு, நான்மறைகளும் வந்து பூசித்ததாகச் சொல்லும் தலம்.

பையனின் அப்பாவுக்கு உயிர்ப்பயம், அதைக் குறைவாக எண்ண வேண்டாம். தரகரையோ ஜோதிடரையோ நடுவில் வைக்காமல் நீங்களும் உங்கள் கணவரும் நேரில் போங்கள். அந்த மூன்று மந்திரங்களை ஒரு தாளில் பொருளோடு எழுதி எடுத்துப் போய் அவர் கையில் கொடுங்கள். அவர் மனசு ஆற ஒரு சாந்தி பூஜை வேண்டும் என்றால் செய்துவிடுங்கள், அதில் தவறில்லை. ஆனால் இந்தப் பேச்சு வார்த்தை எதுவும் உங்கள் மகளை உட்காரவைத்துக்கொண்டு நடக்க வேண்டாம். அவளிடம் இன்றைக்கே, ‘வேதத்தில் உன்னைப் பற்றி ஒரு குறையும் இல்லை’ என்று சொல்லிவிடுங்கள்.