கேஸ் தீர்ந்து போக அது என்ன அடுப்பு சிலிண்டரா?

கேள்வி: ஃப்ரிட்ஜ் வாங்கி 8 மாசம்தான் ஆகுது, கூலிங் இல்லனு 3 தடவ மெக்கானிக் வந்து கேஸ் ஏத்திட்டுப் போனாரு, பத்து நாள் நல்லா இருக்கும், அப்புறம் திரும்ப பால் திரிஞ்சு போகுது. இப்ப என்னடான்னா ஸ்டெபிலைசர் போடல, வோல்டேஜ் பிரச்னை, வாரண்டில வராதுங்குறாங்க. கம்பெனிக்கு லெட்டர் எப்படி எழுதுறது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்க கேள்விலயே பாயிண்ட் இருக்கு. ஃப்ரிட்ஜ் கேஸ் மூடின குழாய்க்குள்ளயே சுத்திச் சுத்தி வர்றது, அது செலவாகாது. 3 தடவ ஏத்தியும் குறையுதுன்னா எங்கயோ லீக் இருக்கு, அவங்க அதைத் தேடவே இல்ல. வோல்டேஜ் ஏறி இறங்குனா கம்ப்ரசர் போகும், போர்டு போகும், கேஸ் எப்படிங்க குறையும்? லெட்டர்ல இதைத்தான் கேக்கணும்.

நிறைய பேரு "மனசு நொந்து போயிட்டேன்"னு ரெண்டு பக்கம் எழுதுறாங்க, அதை எவனும் படிக்கப் போறதில்ல. வாங்குன தேதி, பில் நம்பர், மாடல், சீரியல் நம்பர் (உள்ளயோ பின்னாடியோ ஸ்டிக்கர்ல இருக்கும்), மெக்கானிக் வந்த 3 தேதி, ஒவ்வொண்ணுக்கும் கம்ப்ளைன்ட் நம்பர், அவ்ளோதான். கடைசில இப்படி எழுதுங்க: "லீக் எங்கேனு கண்டுபிடிச்சு சரி பண்ணித் தரணும், முடியலைன்னா வேற ஃப்ரிட்ஜ் தரணும். வோல்டேஜ்தான் காரணம்னா அதை எழுத்துல குடுங்க. 15 நாள்ல பதில் வேணும்." ஈமெயில்லயும் அனுப்புங்க, ஸ்பீட் போஸ்ட்லயும் அனுப்புங்க.

பதில் வரலையா, 1915க்கு போன் போடுங்க, அது தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். அதுலயும் ஆகலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி ஆபீஸ் டெல்லில இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கிற ஊர்லயே கேஸ் போடலாம் (இது வேற கேஸ்!), வக்கீல் வச்சே ஆகணும்னு இல்ல, பொருளோட விலை 5 லட்சம் வரைக்கும் ஃபீஸும் கிடையாது. பிரச்னை ஆரம்பிச்சதுலேர்ந்து 2 வருஷத்துக்குள்ள போட்டுடணும்.

இன்னொண்ணு, மெக்கானிக் வேலை முடிஞ்ச உடனே ஓடிபி கேப்பாரு பாருங்க, அதைச் சொன்னீங்கன்னா அங்க கம்ப்ளைன்ட் முடிஞ்சதுன்னு ஏறிடும். ஐஸ் ட்ரேல தண்ணி வச்சு உறையுதான்னு பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க, அவசரமா போகணும்னு நிப்பாரு, நிக்கட்டும். அப்புறம் உங்க பில்லு அந்த வழவழ பேப்பர்ல இருந்தா இன்னிக்கே ஜெராக்ஸ் எடுத்துடுங்க, நாள் ஆக ஆக எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாளா ஆயிடும்.